எனக்கும் வேண்டியது

"உங்க கிட்னியை அக்காவுக்குக் குடுக்கணும்னு ஏன் நினைக்கறீங்க?" என்று மருத்துவமனையின் மனநல ஆலோசகர் கேட்டார்.

"எனக்கு அதனால பெருசா உபயோகம் இல்ல" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். என் மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. காலையில் வேலைக்குப் போனவள். மதியம் அவள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மூளையில் ரத்தக் கசிவு. அதற்குப் பிறகு எனக்கு எதனாலும் பெரிய உபயோகம் இல்லை. இரண்டு சிறுநீரகங்களும் அதில் அடக்கம்.

ஆலோசகர் பேனாவை மூடினார்.

"ரத்தம் பொருந்துது. மத்த டெஸ்ட்டும் பொருந்துது. எடை குறைவா இருக்கு, பிரஷர் ஏறியிருக்கு. அதையெல்லாம் சரி பண்ணிடலாம். இந்தப் பதிலைத்தான் என்னால தாண்ட முடியல."

"பொய் சொல்லியிருக்கணுமா?"

"சொல்லியிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன். பாருங்க, உங்களுக்கு வேணாம்னு தோணறதை வாங்கி இன்னொருத்தருக்கு வெக்க இங்க ஆள் இல்ல. உங்களுக்கும் அது வேணும். வேணும்னு தெரிஞ்சு குடுக்கணும். மூணு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் நேரத்துக்குச் சாப்பிடுங்க, தூங்குங்க, நடங்க, நிறைய தண்ணி குடிங்க. மனுஷங்களோட பேசுங்க. கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சொல்றதுக்குச் சுலபம்" என்றார்.

இரண்டு மாடி கீழே அக்கா டயாலிசிஸ் படுக்கையில் இருந்தாள். வாரத்தில் மூன்று நாள் அவள் ரத்தம் ஓர் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும். மாமா காலடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சர்க்கரை; அவர் சிறுநீரகத்தை எடுக்க மாட்டார்கள். அப்பா அம்மா இல்லை. நான்தான் மிச்சம்.

நடந்ததைச் சொன்னேன். அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஊசி இல்லாத கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஏன்டா, பழைய இரும்புக்காரனுக்குப் போடற மாதிரி எனக்குப் போடப் பாத்தியா?"

"அப்படி இல்லக்கா."

"வேற எப்படி? சின்ன வயசுல உனக்குப் பிடிக்காத காயை எல்லாம் ஒதுக்கி என் தட்டுல தள்ளுவே. அதே புத்தி. உன் குப்பை எனக்கு வேணாம்."

"விடும்மா, தம்பி ஏதோ வாய் தவறி..." என்றார் மாமா.

"வாய் தவறல. மனசுல இருந்தது வந்துச்சு. சர்க்கரை வியாபாரி சமாதானத்துக்கு வந்துட்டாரு."

மாமா இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவின் இடது கையில் ஊசி போடுவதற்கென்றே நரம்பை இணைத்துத் தைத்திருந்தார்கள். அது ஏற்கெனவே இரண்டு முறை அடைத்துவிட்டது. மூன்றாவது முறை தாங்காது, மறு கையிலும் நரம்பு சரியில்லை, அப்புறம் டயாலிசிஸ் செய்யவே வழியிருக்காது என்று டாக்டர் மாமாவைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். மாமா அதை என்னிடம் மட்டும் சொன்னார். அக்காவிடம் எதையும் மறைக்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரியாதது போல இருந்தோம்.

"மூணு மாசத்துல பாஸ் பண்ணிடறேன்" என்றேன்.

"பரீட்சையா இது? சரி. எனக்காக ஒண்ணு பண்ணு. தினமும் சாயந்தரம் போன் பண்ணு. அன்னிக்கு நடந்த ஒரு விஷயம் சொல்லு. 'நல்லா இருக்கேன்'னு சொன்னா போனை வெச்சிடுவேன்."

லிஃப்ட் பராமரிப்பது என் தொழில். பொறியியல் படித்தவன். எந்த இயந்திரமும் ஒரே நாளில் கெடுவதில்லை, ஒரே நாளில் சரியாவதும் இல்லை. துடைக்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும், இறுக்க வேண்டும், மறுபடி வந்து துடைக்க வேண்டும். என்னையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை. லிஃப்ட்டிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

முதலில் அடுப்பு. என் மனைவி போனதிலிருந்து அதைப் பற்றவைக்கவில்லை. டீயும் பன்னும்தான் சாப்பாடு. முட்டை வாங்கி வந்து வேகப்போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். தண்ணீர் வற்றி, முட்டை வெடித்துக் கூரையில் ஒட்டிக்கொண்டது. அன்று சாயந்தரம் அக்காவிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது.

"கூரையில வேக வெச்சியா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. மாமா போனை வாங்கி, "என்னப்பா ஆச்சு, என்ன சொன்னே?" என்று பதறினார்.

பிறகு தண்ணீர். ஒரு பெரிய பாட்டிலை வேலைக்கு எடுத்துப் போனேன். அக்காவுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான் அளவு. நாக்கு ஒட்டும்போது ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொள்வாள். அதை நினைத்தால் எனக்குத் தண்ணீர் இறங்காது. சொன்னேன்.

"லூசு. என் பங்கையும் சேத்துக் குடி" என்றாள்.

நடப்பதற்கு நான் தனியாக எங்கும் போகவில்லை. வேலை செய்யும் கட்டடங்களில் படியேறினேன். என்னோடு வேலை செய்பவர் கையில் எப்போதும் ஸ்பேனர் இருக்கும், அதனால் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ஸ்பேனர்தான். மேல்மாடியில் எனக்கு முன்பே லிஃப்ட்டில் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இன்ஜினியரே, லிஃப்ட்காரனே படியேறினா ஜனங்க என்ன நினைப்பாங்க? 'இவனுக்கே நம்பிக்கை இல்ல போலிருக்கு'ன்னு ஆளாளுக்கு இறங்கி நடப்பாங்க. நம்ம பொழப்பு என்னாகறது?"

"ஒடம்புக்குங்க."

"ஒடம்புக்குத்தானே லிஃப்ட்டே கண்டுபிடிச்சாங்க!"

மூச்சிரைப்பு குறைய வெகு நாளானது. ஆனால் குறைந்தது. நான் சோபாவில் தூங்குவதை விட்டுக் கட்டிலுக்குப் போனேன். என் பாதியில் மட்டும் படுத்தேன். முதலில் தூக்கம் வரவில்லை. வராவிட்டாலும் எழுந்து போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

சும்மா உட்காருவதுதான் கடினம். என் மனைவி தினமும் விடிந்ததும், அடுப்புப் பக்கம் போகும் முன், ஜன்னலோரம் தரையில் கண்ணை மூடி உட்காருவாள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அப்படி என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று ஒரு முறை கேலியாகக் கேட்டேன். "ஒண்ணும் வேண்டிக்கறதில்ல. அட்டெண்டென்ஸ் குடுக்கறேன். 'உள்ளேன் ஐயா', அவ்வளவுதான். அதுக்கு மேல அவர் பாடு" என்றாள்.

அந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். தரை குளிர்ந்தது. தெருவில் யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள். யாரிடம் என்று தெரியாமல், உள்ளேன் என்றேன். எதுவும் நடக்கவில்லை. மறுநாளும் உட்கார்ந்தேன். மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பல் துலக்குவது போல அது ஒரு வேலையாகிவிட்டது. செய்யாமல் வெளியே கிளம்பினால் எதையோ மறந்துவிட்டது போல இருந்தது.

எங்கள் திருமண நாள் வந்தது. அன்று எதையும் செய்யவில்லை. வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. பீரோவைத் திறந்து அவள் உடைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுநாள் சாயந்தரம் நானே கூப்பிட்டேன்.

"நேத்து என்ன நடந்துச்சு?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் நடக்கல."

"பொய். நேத்து உங்க கல்யாண நாள். சொல்லு."

சொன்னேன். பீரோவிலிருந்த அவள் கோட்டின் பையில் ஒரு மிட்டாய் இருந்தது, அதைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன், அது இளகிப் பழசாகியிருந்தது என்று சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது. ஆஸ்பத்திரியில் உடையவில்லை, சவப்பெட்டியின் பக்கத்தில் உடையவில்லை. ஒரு மிட்டாய்க்கு உடைந்தது. அக்கா வீட்டில் டி.வி.யை யாரோ நிறுத்தும் சத்தம் கேட்டது.

"என்ன மிட்டாய்?" என்றாள் கடைசியில்.

"ஆரஞ்சு."

"அவளுக்குப் பிடிச்சதுதான். சரி, இன்னிக்குச் சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

"போய்ச் சாப்பிடு. நாளைக்குக் கூப்பிடு."

அதற்குப் பிறகு ஒரு காலை. பெரிய அலுவலகக் கட்டடம். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நானும் ஸ்பேனரும் நின்று, கூண்டை மெதுவாக மேலே செலுத்திக்கொண்டே கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். கூரைமேல் நிற்பவர்கள் இடுப்பு பெல்ட்டின் கொக்கியை அங்குள்ள இரும்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும். ஸ்பேனரின் கை என் முதுகுப் பக்கம் வந்து பாதியில் நின்றது.

"அட, மாட்டியிருக்கு!"

"என்ன?"

"கொக்கி."

"யாரு மாட்டினது?"

"என்னைக் கேட்டா? நீங்கதான் மாட்டியிருக்கீங்க. இத்தனை மாசமா பின்னாலேர்ந்து நான்தான் மாட்டி விட்டுட்டிருந்தேன். உங்களுக்கு மாட்டி மாட்டி என் கட்டைவிரலே தேஞ்சு போச்சு."

"ஏங்க சொல்லல?"

"நீங்க கேக்கற மாதிரியா இருந்தீங்க? சொல்றதைவிட மாட்டறது சுலபம்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கம்பிவடத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் கூண்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் கீழே பார்த்தேன். இருட்டு இறங்கிக்கொண்டே போனது. உள்ளங்கால் கூசியது. அந்த இடுக்கு அத்தனை மாதமும் அங்கேதான் இருந்தது.

சாயந்தரம் அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"இத்தனை நாள் கொக்கி இல்லாமயாடா நின்னே?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள். நான் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லவே இல்லை.

மூன்று மாதம் முடிந்தது. பிரஷர் இறங்கியிருந்தது. எடை கூடியிருந்தது. நர்ஸ், "கன்னம் வெச்சிருக்கு" என்றார். ஆலோசகர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார்.

'அக்கா என்றால் எனக்கு உயிர்' என்று ஒரு பதிலை முதல் மாதமே தயார் செய்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

"அதுக்கு முன்னாடி எனக்குச் சில சந்தேகம் இருக்கு."

"கேளுங்க."

கேட்டேன். பெல்ட் போட்டால் தையலில் அழுத்துமா, எப்போது மறுபடி கூண்டுமேல் ஏறலாம், ஒற்றைச் சிறுநீரகத்தோடு வயதாகும்போது என்ன ஆகும், அதிலும் கோளாறு வந்தால் எனக்கு யார் கொடுப்பார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சிலவற்றுக்கு நல்ல பதில் இல்லை. அதையும் சொன்னார். நர்ஸ் வாசலில் நின்று சிரித்தார்.

"அன்னிக்கு எடுத்துக்கோங்கன்னு நீட்டினாரு. இன்னிக்கு கேரண்டி கார்டு கேக்கறாரு."

"பயமா இருக்கா?" என்றார் ஆலோசகர்.

"இருக்கு."

"அப்ப ஏன் குடுக்கணும்?"

"அக்கா தண்ணி குடிக்கணும். வயிறு முட்டக் குடிக்கணும். அதை நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா டீ போட்டுக்கொண்டிருந்தார். பாஸ் என்றேன். மாமா கரண்டியைக் கீழே போட்டார். அக்கா மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள்.

"வேணாம்டா."

"என்ன வேணாம்?"

"அன்னிக்குக் குடுத்திருந்தா திட்டிக்கிட்டே வாங்கியிருப்பேன். இப்ப முடியாது. இப்பதான் முகத்துல ரத்தம் ஓடுது உனக்கு. இப்பப் போய் உன்னைக் கத்திக்குக் குடுக்கச் சொல்றியா?"

"அன்னிக்குக் குடுத்திருந்தா அது குப்பை. நீதான் சொன்னே."

"கோவத்துல சொன்னேன்."

"சரியாதான் சொன்னே. அன்னிக்கு அது யாரோடதோ மாதிரி இருந்துச்சு. இப்ப என்னோடது. என்னோடதைத்தான் நான் குடுக்க முடியும்."

"நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆகாம பாத்துக்கறேன். சாப்பிடுவேன், நடப்பேன், தூங்குவேன். எப்படின்னு தெரிஞ்சுடுச்சு. மூணாவது தடவையும் உனக்கு நரம்பு அடைச்சா பாத்துக்க எனக்கு வழி தெரியாது. இது ஒண்ணுதான் தெரியும்."

"மூணாவது தடவை விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவள் மாமா பக்கம் திரும்பினாள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

"வெங்காயம்" என்றார். வீட்டில் எங்கும் வெங்காயம் நறுக்கவில்லை.

"நீ வேணாம்னு சொன்னாலும் நாளைக்கும் வருவேன். நாளன்னிக்கும் வருவேன். உன் வாசல்லயே உக்காருவேன். மூணு மாசமா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்யப் பழகியிருக்கேன், என்னை ஜெயிக்க முடியாது உன்னால."

அக்கா என்னைப் பார்த்தாள். துணியை ஓரமாகத் தள்ளினாள்.

"எந்தப் பக்கத்துல எடுப்பாங்களாம்?"

"இடது."

"அதானே. இடக்குப் பிடிச்சவன்கிட்ட இடதுதானே கிடைக்கும்."

மாமா டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் போனை எடுத்து மருத்துவமனையைக் கூப்பிட்டேன். அறுவை சிகிச்சைக்கு இருப்பதில் சீக்கிரமான தேதியைக் கேட்டேன்.