தண்ணீர் ஊற்றலாம்

கொல்லையில் மறைப்புக்குக் கட்டியிருந்த போர்வையை விலக்கிக்கொண்டு, உடலைக் குளிப்பாட்டப் போன பள்ளிவாசல் மோதினார் வெளியே வந்தார். அவர் கை இன்னும் நனையவில்லை.

“பாய், வயித்துல பை ஒண்ணு ஒட்டிகினு கீது. இழுத்தா இன்னா ஆவுமோ. நான் தொட மாட்டேன்.”

பின்கட்டுக் கதவருகே நின்றிருந்த மலீஹாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. மறைப்புக்குப் பின்னால் பலகையில் கிடந்தவர் அவளுடைய அத்தா சுலைமான். காலையில் வண்டியில் ரஸ்க் மூட்டையைக் கட்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். கேளம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது உயிர் இல்லை.

பெரியத்தா தாடியைத் தடவினார். அத்தாவின் அண்ணன். இந்த வீட்டில் எந்த முடிவும் அவரைக் கேட்டுத்தான்.

“தண்ணி ஊத்த வேணாம். தயம்மும் பண்ணிடுவோம். மண்ணத் தொட்டு மூஞ்சி, கை தடவுனா போதும். புண்ணு இருக்கிற ஒடம்புக்கு அனுமதி உண்டு.”

மலீஹா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அக்தர் பேகம் சரியென்று தலையை ஆட்டினாள்.

“அம்மா, அது புண்ணு இல்ல.”

“சும்மா இருடி.” அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். “தௌசிஃபோட அம்மா ஹால்ல ஒக்காந்துகினு கீறாங்க. காதுல வுழப் போவுது.”

தௌசிஃபுக்கு செங்கல்பட்டில் வேலை. மலீஹாவுக்கும் அவனுக்கும் ரமலான் கழிந்து நிக்காஹ் என்று பேசியிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், சுலைமான் பாய்க்கு எப்போதோ ஒரு வயிற்று ஆபரேஷன் என்பது மட்டும்தான். இரண்டு வருடமாக மலீஹா பெருங்குடல் அழற்சிக்கு மாத்திரை போடுவதும், வருடந்தோறும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதும் தெரியாது. மாத்திரை அட்டைகள் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தன. அங்கே வைத்தது அம்மா.

அதே நோயோடுதான் அத்தா கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளை பெற்று, கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை டீக்கடைகளுக்கு ரஸ்க் போட்டார். நோய் முற்றியிருந்த நாட்களில் எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும், எந்தப் பள்ளிவாசலில் தண்ணீர் வரும் என்று மனப்பாடமாக வைத்திருந்தார். நெம்மேலியில் ஒரு வீட்டுக்காரர் வெளிக் கழிப்பறைச் சாவியையே அவரிடம் கொடுத்துவைத்திருந்தார். கடைசியில் பெருங்குடலை எடுத்துவிட்டு, வயிற்றின் வலது பக்கம் மலம் வெளியேற வழி வைத்து, அதன்மேல் பை ஒட்டினார்கள். அதற்குப் பிறகும் பதினாறு வருடம்.

மலீஹாவுக்கு நோய் தெரிந்த அன்று செங்கல்பட்டு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மருந்தை விடாமல் போட்டால் பெரும்பாலானவர்கள் மற்றவர்கள் வாழ்கிற அளவு வாழ்கிறார்கள், ஆபரேஷன் எல்லோருக்கும் வராது என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அத்தா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “வராதுன்றாரு. வந்தாத்தான் இன்னா? எனக்கு வந்துச்சு. நாளைக்கும் லோடு கீது.”

ஹாலில் யாரோ ஒரு பெண் பெருமூச்சு விட்டாள். “அந்த வயித்து நோவு, கடசில ஆளத் தின்னுட்டுத்தான் வுட்டுது.”

மலீஹா தலைத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு கொல்லைக்குள் இறங்கினாள். ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் அவள் ஒருபோதும் பேசியதில்லை.

“பெரியத்தா, தண்ணி ஊத்தலாம்.”

“உள்ள போம்மா.”

“அது புண்ணு இல்ல. குடலோட வாய். பைய மெதுவா எடுத்துட்டு, பஞ்சு வெச்சு பிளாஸ்டர் ஒட்டுனா தண்ணி உள்ள போவாது.”

“உனக்கு இன்னா தெரியும்?”

“போன வருஷம் அத்தாவுக்குக் கை ஒடஞ்சப்ப நான்தான் மாத்துனேன்.”

பெரியத்தா குரலைத் தாழ்த்தினார். “குளிப்பாட்டும்போது வயித்த அமுக்கணும்மா. கசிஞ்சிகினே இருக்கும். மேல சுத்துற கஃபன் துணி அழுக்காவும். ஊரே பாக்கும்.”

“அதே பையோடதான் அஞ்சு வேள தொழுதாரு. உங்க பக்கத்துலதான் நின்னாரு. அப்ப அழுக்கு தெரியலியே.”

யாரோ இருமினார்கள்.

“எம் தம்பிம்மா அவன்,” என்றார் பெரியத்தா. கண் சிவந்திருந்தது. “அந்த நோய் அவன இன்னா பண்ணி வெச்சிருக்கு பாரு. தின்னே தீத்துடுச்சு.”

“தின்னல. நோய் இருந்த குடல வெட்டி எடுத்துட்டாங்க. நோய் போச்சு, அத்தா இருந்தாரு. இன்னிக்கு நின்னது நெஞ்சு. அது யாருக்கு வேணா நிக்கும். உங்களுக்கும் நிக்கும்.”

“மலீஹா!” அவள் தம்பி அயாஸ் அதட்டினான்.

“எனக்கும் அதே நோய்தான், பெரியத்தா. நாளைக்கு என்னயும் மண்ணத் தடவி அனுப்புவீங்களா?”

அது ஹாலிலும் கேட்டது. ஜன்னல் வழியே தௌசிஃபின் அம்மா எழுந்து, செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவது தெரிந்தது. மலீஹா அதைப் பார்த்தாள். பிறகு மோதினாரைப் பார்த்தாள்.

மோதினார் தொண்டையைச் செருமினார். “தண்ணி படலாம்னா தண்ணிதான் பாய். படக்கூடாதுன்னாத்தான் மண்ணு. ஆனா அத எடுக்கறதுக்கு எனக்குக் கை வராது.”

பெரியத்தா அயாஸைப் பார்த்தார். அயாஸ் தரையைப் பார்த்தான்.

“பொஞ்சாதி குளிப்பாட்டலாம் இல்ல?”

அம்மாவின் குரல். மலீஹாவின் பின்னால் படியில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

“தாராளமா,” என்றார் மோதினார்.

அம்மா மலீஹாவின் முகத்தைப் பார்க்காமல் அவளைக் கடந்து போனாள். மறைப்பருகே நின்று, “அயாஸு, வாடா. தண்ணி ஊத்து. ஒங்கத்தாதான, பூதம் இல்ல,” என்றாள்.

மகளுக்கு உள்ளே போக அனுமதியில்லை. மலீஹா போர்வைக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஓரத்த நனச்சிட்டு எடும்மா. மேலருந்து கீழ. இழுக்காத.”

“தெரியும்டி. பதினாறு வருஷம் நான் இன்னா வேடிக்க பாத்துகினா இருந்தேன்?”

“அமுக்குறப்ப இடது பக்கமா, லேசா. பஞ்ச ரெண்டு மடிப்பா வெய்யி.”

“டேய், கண்ணத் தொற. எங்க ஊத்துற? எங்கால்ல ஊத்துற.”

உள்ளே அயாஸ் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான். யாரிடம் என்று தெரியவில்லை. அதன் பிறகு தண்ணீரின் சத்தம் மட்டும், நீண்ட நேரம்.

தூக்கிப் போகும் சந்தூக்குப் பெட்டியில் வைப்பதற்கு முன் கடைசியாகப் பார்க்க ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். கற்பூர வாசனை வந்தது. பெண்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்து விம்மினார்கள். மலீஹா முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றின் வலது பக்கத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது, எதிரே நின்ற பெரியத்தாவும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

துணி வெள்ளையாக இருந்தது.

தூக்கும் நேரத்தில் இடது பக்கக் கொம்பைப் பிடித்திருந்த பெரியத்தா, அதை இன்னொருவர் தோளுக்கு மாற்றிவிட்டு, சுற்றிவந்து, தம்பியின் வலது பக்கம் நின்றுகொண்டார்.