கோவிந்தப்பன் நிறுத்திய இடம்

உயிரோடு இருந்தவரை என் வீட்டுக்காரர் கோவிந்தப்பனைக் குடிகாரன் என்ற ஊர், செத்து ஒன்பது வருடம் கழித்து அவர் பெயரில் பாட்டுப் போட்டி வைத்தது. கப் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். போவதா வேண்டாமா என்று மூன்று நாள் குழம்பிவிட்டுப் போனேன்.

போட்டி நடந்த மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி ஷிப்ட் முடிந்தவர்கள் யூனிபாரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பாடியவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் அவர் கட்டிய ஒரே பாட்டைப் பாடி, ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். "ஆத்தோரம் காத்திருக்கேன், நீ..." இரண்டு விநாடி குரல் இல்லை, தபலா மட்டும் ஓடும். அப்புறம் "வா". நிறுத்தும்போதெல்லாம் கைதட்டல்.

அவருடைய கடைசிக் கச்சேரி கேசட்டில் அப்படித்தான் இருக்கிறது. குடித்துவிட்டு கம்பெனியில் லேத் மிஷின் முன்னால் நின்றதால் வேலை போனது. அந்தக் கோபத்தை என் முதுகில் காட்டினார். நான் தொரப்பள்ளியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்தக் கச்சேரி. அது முடிந்த மூன்றாவது வாரம் ஈரல் கெட்டுச் செத்தார், முப்பத்திரண்டு வயதில். பெண்டாட்டி விட்டுப்போன துக்கத்தில்தான் பாட்டின் அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று ஊரே தீர்ப்புச் சொன்னது. அந்த இரண்டு விநாடியில் அவர் பெரிய கலைஞர் ஆனார், நான் அவரைக் கொன்றவள் ஆனேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அன்று அவருக்குத் தபலா வாசித்த மூர்த்தி, மேடையில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஏழாவது ஆள் பாடி முடித்ததும் என் பக்கம் குனிந்தார்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா திட்டமாட்டீங்களே? அன்னைக்கு அண்ணன் நிறுத்தவே இல்ல. கால் மரத்துப்போச்சுன்னு நீட்டினேன், கால் பட்டு அவரு மைக் வயரு கழண்டுடுச்சு. ஒரு கையால வாசிச்சுக்கினே நான்தான் மறுபடி சொருகினேன். அவரு பாட்டுக்குப் பாடிக்கினேதான் இருந்தாரு."

"இத்தினி வருசம் ஏன் சொல்லல?"

"எல்லாரும் அழுதாங்க அண்ணி. எப்படிச் சொல்றது? இப்ப மைக்ல சொல்லிடட்டுமா? உங்க பழியாவது தீரும்."

சிரிப்பதா, இந்த ஆளை அறைவதா என்று தெரியவில்லை. ஒன்பது வருடப் பழி ஒரு நிமிடத்தில் போய்விடும். சொல்லிவிடச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. தொரப்பள்ளிக்கு அவர் ஒரு கடுதாசி போட்டதில்லை, ஓர் ஆளை அனுப்பியதில்லை. அவர் என்னை நினைத்தார் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த இரண்டு விநாடிதான். அதையும் எடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

"வேணாம் மூர்த்தி," என்றேன்.

ஜெயமணி என்ற பெண்ணுக்குக் கப் கிடைத்தது. எல்லாரையும்விட நீளமாக நிறுத்தியவள் அவள்தான். கப்பை வாங்கிக்கொண்டு என் காலில் விழுந்து எழுந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, உங்கள நெனச்சுத்தானே அவரு அங்க நிறுத்தினாரு?"

மூர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா," என்றேன். "என்னைத்தான் நெனச்சாரு."