பின் ஆக்ஸிலுக்கு எட்டரை மார்க்

புரொஃபசர் டாக்டர் எக்பெர்ட் ஃபான் ரௌடன்ஃபெல்ஸ் என்ற பெயரை ஒரு முறை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கேர்பாக் கம்பெனியின் புதிய கார் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். பெயருக்குச் சொந்தக்காரர் அந்தக் கம்பெனியின் நிர்வாகக் குழுவில் வண்டி உருவாக்கத்துக்குப் பொறுப்பானவர். திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து மூன்றாவது கடிதம் வந்தது.

"பின்பக்கம் பாதிரியார் பிரசங்கம் போல முனகிக்கொண்டே வருகிறது. குண்டு குழியில் முதுகெலும்பில் அடிக்கிறது. மென்மையான புஷ்ஷை மாட்டவும். வியாழக்கிழமை அங்கீகார ஓட்டத்தில் வித்தியாசத்தை உணர விரும்புகிறேன்."

கடிதம் இறங்கிய இடம் பின் ஆக்ஸில் பொறியாளர் ரோஸ்வித்தா ஹேபர்லேயின் மேஜை. அங்கே ஏற்கெனவே முதல் இரண்டு கடிதங்களும், வெண்ணெய் தடவிய பாதி ப்ரெட்ஸெல் ரொட்டியும், வெட்டிப் பார்த்த பதினோரு ரப்பர் புஷ்களும் கிடந்தன.

ஸ்போர்ட்ஸ் காரின் பின் ஆக்ஸிலை உடம்போடு சேர்த்துப் பிடிப்பவை இப்படிப்பட்ட நான்கு ரப்பர் புஷ்கள்தாம். இறுக்கமான ரப்பர் போட்டால் வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் உள்ளே வந்து குசலம் விசாரிக்கும். மென்மையான ரப்பர் போட்டால் உள்ளே நிசப்தம். ஆனால் முன்பக்கம் வளைவுக்குள் போன பிறகுதான் பின்பக்கம் யோசித்து, சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர் மாதிரி தாமதமாகக் கிளம்பும். மேலிடத்துக்கோ கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பதினான்கு மாதமாகக் கூழையும் குடிக்க வைத்து மீசையையும் நனையாமல் பார்த்துக்கொண்டவள் ரோஸ்வித்தா. அவளுடைய பன்னிரண்டாவது புஷ் மேலும் கீழும் இளகிக் கொடுக்கும், பக்கவாட்டில் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். அவரை விதை வடிவில் இரண்டு துளைகள் வைத்து அதைச் சாதித்திருந்தாள். யாரும் பாராட்டவில்லை. அந்த ஊரில் திட்டாமல் விட்டாலே பாராட்டியதாகக் கணக்கு.

செவ்வாயன்று கூட்டம். எதிரே சத்தத் துறைத் தலைவர் டாக்டர் ப்ளீனிங்கர் உட்கார்ந்திருந்தார். ஒரே தாழ்வாரத்தில் பத்தொன்பது வருடமாக எதிரெதிர் அறை. இன்னும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள்.

"மென்மையானதைப் போட்டா புரொஃபசர் வண்டில என் மார்க் ஆறே முக்கால்லேருந்து ஏழேகால் ஆயிடும், ஹேபர்லே அம்மா," என்றார் அவர். பத்துக்கு ஏழு வாங்கினால்தான் தேர்ச்சி. கால் மார்க்குக்காக அந்தக் கட்டடத்தில் திருமணங்களே முறிந்திருக்கின்றன.

"என் மார்க் எட்டுலேருந்து அஞ்சரைக்கு விழும், டாக்டர். ஈர ரோட்டுல நூத்தி முப்பதுல தடம் மாத்திப் பாத்தோம். பின்பக்கம் பக்கத்துத் தடத்துல போய் எட்டிப் பாத்துட்டு வருது. வாங்கறவன் குடும்பத்தோட போவான்."

"ரெண்டு பேர் சீட்டு, பின்னாடி ரெண்டு பை வெக்கற சீட்டு. அதுல என்ன குடும்பம்."

"உங்க மைக்ல நீங்களே அளந்தீங்களே. நம்ம சோதனை வண்டில என் புஷ்ஷோட என்ன வந்துச்சு?"

ப்ளீனிங்கர் காகிதத்தைப் புரட்டினார். "ஏழரை."

"புரொஃபசர் வண்டிலயும் அதே புஷ்தான். அதே ரோடு. அப்ப அவருக்கு மட்டும் ஏன் முனகுது?"

"அவரோட காது நுட்பமான காது," என்றார் ப்ளீனிங்கர், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

கூட்டத்தின் முடிவு குறிப்பேட்டில் ஏறியது: மென்மையான புஷ் மாட்டப்படும். அந்தக் கம்பெனியில் குறிப்பேட்டில் ஏறியது கல்லில் வெட்டியது மாதிரி. ரோஸ்வித்தா வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வழியில் எதிர்ப்பட்ட நான்கு பேர் சாப்பாட்டு வேளை வணக்கம் சொன்னார்கள். நாலாவது ஆளுக்கு அவள் பதில் சொல்லவில்லை. அதுவே சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் செய்தியாகிவிட்டது.

புதன்கிழமை காலை புரொஃபசரின் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவர அவளும் மெக்கானிக் கெரோல்டும் மேலிடத்து வண்டிக் கொட்டடிக்குப் போனார்கள். கொட்டடிப் பொறுப்பாளர் பிட்ஸர் சாவியைக் கொடுக்கும்முன் நான்கு இடங்களில் கையெழுத்து வாங்கினார். அவர் முத்திரை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கெரோல்ட், நாய் கம்பத்தை முகர்ந்து பார்ப்பது போன்ற வெறும் பழக்கத்தில், டயரில் காற்று மானியை வைத்துப் பார்த்தான். எழுந்து இன்னொரு டயரில் வைத்தான்.

"ரோஸி, இங்க வா. கண்ணாடி போட்டுட்டு வா."

மூன்று புள்ளி மூன்று பார் அழுத்தம். நான்கு டயரிலும்.

பட்டறையிலும் சோதனைத் தடத்திலும் எல்லோரும் அடிப்பது இரண்டரை. மூன்று புள்ளி மூன்று அடித்த டயர் டயரில்லை, கல் சக்கரம். அதன் மேல் பட்டு மெத்தையைக் கட்டி வைத்தாலும் முனகத்தான் செய்யும்.

"யாரு இவ்வளவு காத்து அடிச்சது?" என்று கேட்டாள் ரோஸ்வித்தா.

"நான்தான். விதி," என்றார் பிட்ஸர். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த தாளைக் காட்டினார். நிர்வாகக் குழுவினரின் வண்டிகளுக்கு எப்போதும் காற்றழுத்த அட்டவணையின் இரண்டாவது பத்தி. அதாவது முழுப் பாரம், உச்ச வேகம். "மேலிடம் எப்ப வேணும்னாலும் முந்நூறுல போகலாம். அப்ப காத்து குறைஞ்சிருந்தா யாரு பொறுப்பு?"

"முந்நூறுல எந்த ரோட்டுல போவாரு?"

"ரோட்டைப் பத்தி விதியில இல்ல."

"போன வாரம் எங்க போனாரு?" என்று கெரோல்ட் கேட்டான்.

பிட்ஸர் பதிவேட்டைத் திறந்தார். "ஏர்போர்ட்டுக்கு. லேயோன்பெர்க் கிட்ட ரெண்டு மணி நேரம் நெரிசல்."

"நின்ன வண்டிக்கு முந்நூறு காத்து. கௌரவம்தான்யா."

"எத்தனை நாளா இந்த விதி?" என்றாள் ரோஸ்வித்தா.

"பதினாலு வருஷமா."

அவள் கொட்டடியின் சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு மாதம். பதினோரு புஷ். இரண்டு கோடை விடுமுறை. மேலிடத்துக்குப் போன சோதனை வண்டி ஒவ்வொன்றும் இந்தக் கொட்டடிக்குள் வந்து, இரவோடு இரவாக வயிறு முட்டக் காற்று குடித்து, காலையில் முனகியிருக்கிறது. அந்த முனகலுக்கு மருந்தாக அவள் ரப்பரை அரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ரெண்டரைக்கு இறக்குங்க," என்றாள்.

"விதிவிலக்குப் படிவம் இருக்கு. புரொஃபசர் கையெழுத்து வேணும். அவர் மேஜைக்குப் போய் வர ரெண்டு வாரம்."

"ஓட்டம் நாளைக்கு."

"அதான் சொல்றேன். ரெண்டு வாரம்."

ப்ளீனிங்கரிடம் ஓடினாள். அவர் கேட்டார், கதவைச் சாத்தினார், மீண்டும் கேட்டார்.

"நிச்சயமா மூணு புள்ளி மூணா?"

"நாலு டயர்லயும்."

"நல்ல கண்டுபிடிப்பு," என்றார். "புரொஃபசர் இத்தனை நாளா தப்பான காத்துல ஓட்டிட்டு மூணு கடிதம் எழுதினாருன்னு யாரு போய்ச் சொல்றது? நீங்களா?"

"நாம."

"நான் சத்தத்தை அளக்கறவன், அம்மா. சத்தம் போடறவன் இல்ல."

அன்று பட்டறையில் புரொஃபசரின் வண்டி தூக்கியில் மேலேறியது, நான்கு மணி நேரம் மேலேயே இருந்தது, இறங்கியது. கெரோல்ட் மென்மையான புஷ்களைப் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டு, டயர்களிலிருந்து காற்றை இரண்டரைக்கு இறக்கினான்.

"கேட்டா?" என்றான்.

"கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"நீ சொல்லுவ. அதான் பயமா இருக்கு."

வியாழக்கிழமை ஆல்ப் மலைச் சாலை. ஒட்டுப்போட்ட தார், மரவேர் தூக்கிய மேடுகள், பாலத்தில் இரும்புப் பட்டை. வண்டியின் குறையையெல்லாம் தோண்டி எடுக்கும் பாதை. புரொஃபசர் ஓட்டினார். ஓட்டும்போது மட்டும் அணிவதற்கென்று அவரிடம் துளை வைத்த தோல் கையுறை உண்டு. முன்னிருக்கையில் ப்ளீனிங்கர். பை வைக்கும் சீட்டில் முழங்கால் மோவாயில் முட்ட ரோஸ்வித்தா. பக்கத்தில் குறிப்பேட்டோடு செயலாளர் ஒடிலியா அம்மாள்.

இரும்புப் பட்டையைத் தாண்டியதும் புரொஃபசர் ஒரு கையை உயர்த்தினார்.

"கேட்டீங்களா?"

"ஒண்ணும் கேக்கலையே, புரொஃபசர்," என்றார் ப்ளீனிங்கர் ஜாக்கிரதையாக.

"அதைத்தான் சொல்றேன். ஒண்ணும் கேக்கல." கையுறை ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தது. "பதினாலு மாசம் ஒரு துறையே உக்காந்து ரப்பரை மென்னுட்டு இருந்தீங்க. நான் ஒரு கடிதம் எழுதினேன். மென்மைன்னா மென்மை. இதுக்கு முதுகெலும்பு போதும், கம்ப்யூட்டர் தேவையில்ல."

பின்சீட்டில் ரோஸ்வித்தா பல்லைக் கடித்தாள். முழங்கால் மோவாயில் இருந்ததால் அதற்குச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

மலையுச்சி விடுதியில் காபி வந்தது. புரொஃபசர் மார்க் போட்டார்: எட்டரை. அந்தக் கட்டடத்தின் சரித்திரத்தில் எட்டரையைப் பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். ப்ளீனிங்கர் கரண்டியைக் கீழே வைத்தார். ஒடிலியா அம்மாள் எழுதினாள். எழுதியதை வாசித்தும் காட்டினாள்.

"நிர்வாகக் குழு உறுப்பினரின் அறிவுரைப்படி மாட்டப்பட்ட மென்மையான புஷ் சிறப்பாக உள்ளது. உற்பத்திக்கு அங்கீகரிக்கப்படுகிறது. பழைய இறுக்கமான புஷ் கைவிடப்படுகிறது."

ரோஸ்வித்தா இதை எதிர்பார்த்திருக்கவில்லை. வண்டி நன்றாக இருந்தால் அவளுடைய புஷ் ஜெயிக்கும் என்றுதான் நினைத்தாள். அது நன்றாக இருந்த பெருமையை அலமாரிப் பெட்டிக்குள் தூங்கும் புஷ் தட்டிக்கொண்டு போகும் என்று நினைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்று மாலையே மென்மையான புஷ்ஷின் வார்ப்பச்சுக்கு ஆணை போய்விடும். பிறகு எவனோ ஒருவன் மழையில் நூற்று முப்பதில் தடம் மாற்றுவான்.

"அதை எழுதாதீங்க, ஒடிலியா அம்மா," என்றாள். "வண்டில இருக்கறது பழைய புஷ்."

காபிக் கோப்பை புரொஃபசரின் உதட்டுக்கும் தட்டுக்கும் நடுவே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"இறுக்கமானதுதான், புரொஃபசர். மாத்தல. நான்தான் மாத்த வேணாம்னு சொன்னேன்."

"அப்ப நான் உணர்ந்தது என்ன?"

"காத்து. கொட்டடியில உங்க வண்டிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்துக்கான காத்து அடிக்கறாங்க. நேத்து ரெண்டரைக்கு இறக்கினேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

அடுத்த மேஜையில் ஒரு கிழவர் சூப் உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அளந்திருந்தால் ஆறே முக்கால் வாங்கியிருக்கும்.

"நிர்வாகக் குழு உறுப்பினரை ஏமாத்தியிருக்கீங்க," என்றார் புரொஃபசர் மெதுவாக.

"ஆமா, புரொஃபசர். மென்மையானதைப் போட்டா ஈரத்துல வண்டி தடத்துல நிக்காது. மூணு அறிக்கை அனுப்பினேன். பதிலுக்கு மூணு கடிதம் வந்துச்சு."

ப்ளீனிங்கர் தொண்டையைக் கனைத்தார். தைரியத்தினால் அல்ல; இந்த ஓட்டம் ரத்தானால் தன் ஏழரையும் சேர்ந்து ரத்தாகும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஒரு சின்ன விஷயம். புரொஃபசர் எட்டரை போட்டது வண்டிக்கு. புஷ்ஷுக்கு இல்ல. போட்ட மார்க்கைத் திரும்ப எடுக்கற வழக்கம் நம்மகிட்ட கிடையாது. எடுத்தா, முதல்ல தப்பா போட்டதா ஆகும்."

புரொஃபசர் யோசித்தார். தப்பு என்ற சொல் அவருடைய பெயருக்குப் பின்னால் எங்கேயும் பொருந்தி உட்காரவில்லை.

"ஏதோ இருக்குன்னு எனக்கு முதல் வளைவுலயே தெரியும்," என்றார் கடைசியில். "நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். எழுதுங்க, ஒடிலியா அம்மா. நிர்வாகக் குழு உறுப்பினர் தொடர்ந்து வலியுறுத்தியதன் விளைவாகச் சத்தத்தின் மூல காரணம் கண்டறியப்பட்டது. இறுக்கமான புஷ் அங்கீகரிக்கப்படுகிறது. காத்தைப் பத்தி ஆராய ஒரு குழு. தலைமை ஹேபர்லே அம்மா. அடுத்த வண்டிக்கான பின் ஆக்ஸில் வேலை அவங்ககிட்டேருந்து மாத்தப்படுது. குழு வேலைக்கு நேரம் வேணுமில்ல."

"குழு எப்ப கூடும்?" என்று கேட்டாள் ஒடிலியா அம்மாள்.

"எட்டு வாரத்துல."

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. புரொஃபசர் கோபத்தில் ஓட்டினார். கோபத்தில் இருக்கிறவர் எவ்வளவு வேகத்தில் போவாரோ அதைவிடப் பத்து கிலோமீட்டர் கூடுதலாக, காட்டுக்குள் இறங்கும் நீண்ட இடது வளைவில் வண்டியை விட்டார். வளைவின் நடுவே ஒரு டிராக்டர், விளக்கில்லாமல். ப்ளீனிங்கரின் கை மேல்பிடியைத் தேடியது. ஸ்டியரிங் வெட்டித் திரும்பியது. பின்பக்கம் ஒரு விரற்கடைகூட அலையாமல் முன்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போய், டிராக்டரைச் சுற்றி, தன் தடத்துக்கே திரும்பி வந்தது.

டிராக்டர் பின்கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போனது.

"ஓட்டத் தெரியணும்," என்றார் புரொஃபசர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு. "ரப்பர் கிப்பரெல்லாம் அப்புறம்."

"ரொம்ப சரி, புரொஃபசர்," என்றார் ப்ளீனிங்கர் பலவீனமாக.

ஒடிலியா அம்மாள் அங்கீகாரத் தாளை ரோஸ்வித்தாவின் முழங்கால் மேல் வைத்தாள். அதைத் தவிர வேறு மேஜை அங்கே இல்லை. ரோஸ்வித்தா பேனாவைத் திறந்து, ஒட்டுப்போட்ட சாலையில் தொண்ணூறில் போய்க்கொண்டிருந்த வண்டிக்குள் தன் முழுப் பெயரையும் எழுதினாள். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை; அது அவளுடைய புஷ்ஷின் வேலை. அதைக்கூட அவளால் ரசிக்க முடியவில்லை.