பதினேழாம் கிளைக்குப் போகும் பேலட்

நாற்பத்தெட்டு வயதில் யாராவது வேலை பழகுவார்களா என்று கேட்காதீர்கள். நான் பழகினேன். இருபது வருடம் நான் துணி தைத்த கடையை முதலாளி ஒரே நாளில் இழுத்துப் பூட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு படியேறி இறங்காத இடமில்லை. உள்ளே வா என்று சொன்னது ஒரு சூப்பர்மார்க்கெட் கம்பெனியின் கிடங்கு மட்டும்தான். மூன்று மாதம் பயிற்சி. தேறினால் வேலை, தேறாவிட்டால் வீடு.

கிளைக்கடை ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் வரும். அதைப் பார்த்து ரேக்குகளிலிருந்து பெட்டிகளை எடுத்து, பேலட் என்கிற மரச்சட்டப் பலகைமேல் ஆள் உயரத்துக்கு அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டி, லாரிக்கு அனுப்ப வேண்டும். என் சூப்பர்வைசருக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். முதல் நாள் இரண்டே விஷயம் சொன்னார். கனமானது கீழே, லேசானது மேலே. பெட்டி எடுக்கும்போது இடுப்பை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள். இந்த இரண்டாவதை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாயங்காலம் இடுப்பு வலிக்காமல் வீடு திரும்பும்போதுதான், பிள்ளை சொன்னது சரிதான் என்று மனசுக்குள் ஒப்புக்கொள்வேன்.

இதில் ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிட வேண்டும். என் மகள் வேலை பார்ப்பதும் இதே கம்பெனியின் ஒரு கிளையில்தான். படித்த படிப்புக்கு மேசை வேலை வரும்வரை பொறுக்காமல் அவள் அதில் சேர்ந்தபோது, மாப்பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"பெட்டி தூக்கவா உன்ன இவ்வளவு படிக்க வெச்சேன்?"

நுணலும் தன் வாயால் கெடும். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் எழுந்து போனவள்தான், பதினான்கு மாதமாக என்னோடு பேச்சு இல்லை. நானும் பேசவில்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எங்கள் வீட்டில் கல் நான்தான். நானே இப்போது பெட்டி தூக்குகிறேன் என்பதை அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

அவர் மாடிப்படியில் உட்கார்ந்து மகளோடு ரகசியமாகப் போன் பேசுவார். நானும் ஒன்றும் தெரியாதவள்போல் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பேன். ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. எல்லாம் காதில் விழுந்தது. அவளுக்கு ஏழாவது மாதம். பதினேழாம் கிளையில், சரக்கு இறக்கும் அறையில் வேலை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆள் வராத நாட்களில் இவள்தான் குனிந்து குனிந்து இறக்குகிறாளாம். எனக்குப் பேரப்பிள்ளை வரப்போவதை நான் இப்படித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளிலிருந்து பதினேழாம் கிளையின் பட்டியல் வந்தால் முந்திக்கொண்டு வாங்குவேன். எண்ணெய் டின்கள் அடியில் இருந்தால் அவள் தரைவரை குனிய வேண்டுமே. அதனால் டிஷ்யூ பேப்பர் பெட்டிகளை அடியில் போட்டு, டின்களை இடுப்பு உயரத்தில் வைத்தேன். கடைசியில் பிளாஸ்டிக் தாளின் நுனியை மடித்து ஒரு காது விடுவேன். அதைப் பிடித்து இழுத்தால் கத்தியில்லாமலே பிரிந்து வந்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு அவள் கொண்டுபோன சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் நான் இப்படித்தான் காது வைப்பேன்.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வாரம், லாரியில் ஏற்றும்போது அடியிலிருந்த டிஷ்யூ பெட்டிகள் நசுங்கி, பேலட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அத்தனை டின்னும் உருண்டன. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இது அங்கே போய், அவள் பக்கத்தில் நிற்கும்போது சாய்ந்திருந்தால்? நல்லது செய்கிறேன் என்று என் பிள்ளைமேலேயே தள்ளிவிடப் பார்த்தேனே என்று தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் இப்படி அடுக்கினீர்கள் என்று சூப்பர்வைசர் கேட்டார். கவனிக்கவில்லை என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் துருவவில்லை.

"இன்னொரு தடவ விழுந்தா என்னால காப்பாத்த முடியாதுக்கா."

பயிற்சியின் கடைசி நாளில் நாம் அடுக்கும் ஒரு பேலட்டோடு ஒரு படிவமும் போகும். பெயர் இருக்காது, ஊழியர் எண் மட்டும்தான். சரக்கை வாங்குகிறவர் சரி என்று எழுதினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் அன்றோடு கும்பிடு. என் படிவத்தைச் சூப்பர்வைசர் பதினேழாம் கிளைக்கு எழுதினார். அங்கே இருக்கிற பெண் ரொம்பக் கறார், ஒரு பெட்டி மூலை நசுங்கினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள், அவள் சரியென்றால் தனக்கும் சரி என்றார். பயமாக இருந்தது. என் பெண்ணைக் கறார் என்று சொன்னதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒழுங்காக அடுக்கினால் வேலை கிடைக்கும், அவள் குனிவாள். என் இஷ்டத்துக்கு அடுக்கினால் சாயும். ரேக்குக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு மூலையில் கிடந்த காலி பேலட்டுகளை இழுத்துவந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து, இடுப்பு உயரம் வந்தது. அதன்மேல்தான் எண்ணெய் டின்கள், அதற்கு மேல் மாவு, அதற்கு மேல் டிஷ்யூ. மொத்த உயரம் கூடிவிடாமல் இருக்க மீதிப் பெட்டிகளை இன்னொரு பேலட்டில், அதேபோல. தாளை இறுக்கிச் சுற்றிக் காது வைத்தேன். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

சூப்பர்வைசர் இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கீழே ஐந்து பலகை எதற்கு என்றார்.

"கனமானது கீழதானே இருக்கு, சார்."

கிடங்கின் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கீழே எத்தனை பலகை என்று அதில் எங்கேயும் இல்லை. கிளையே தீர்மானிக்கட்டும் என்று லாரியை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை காலி பேலட்டுகள் எல்லாம் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் படிவத்தைப் படித்தார், இன்னொரு தடவை படித்தார், பிறகு என்னிடம் நீட்டினார். அந்தக் கையெழுத்தை எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

'சேதம் இல்லை. குனியாமல் இறக்க முடிந்தது. இவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.'

அதற்குக் கீழே, கட்டத்துக்கு வெளியே, பேனாவை அழுத்தி எழுதியிருந்தாள்.

'தாளில் காது வைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். முதல் வாரமே தெரியும். இத்தனை பலகையைத் தூக்கி அடுக்கியதற்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம், அம்மா.'

எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கறார் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது என்றார் சூப்பர்வைசர். பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வரச் சொன்னார்.

லாரிகள் நிற்கும் இடத்தில் நின்று எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். தப்பாகப் பேசிவிட்டேன், மன்னித்துவிடு, உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று பதினான்கு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"குனியாதடி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீயுந்தாம்மா. முழங்கால மடக்கு."