மொட்டு விட்ட காப்பிச் செடி

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சு நின்று எட்டு நாள் ஆகிறது. சண்டை எதில் ஆரம்பித்தது என்று கேட்காதீர்கள், சொன்னால் சிரிப்பீர்கள். யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் இப்போது பிரச்சினை. நான் திறப்பதாக இல்லை.

ஆனால் காப்பிச் செடி வாடிக்கொண்டிருந்தது. பனி கொட்டும் ஊரில் விதை போட்டு, நாலு வருஷம் ஜன்னலோரத்தில் பிள்ளை மாதிரி இருவரும் வளர்த்த செடி. இப்போதுதான் முதன்முதலாக ஏழு மொட்டு விட்டிருக்கிறது. இலைகள் நாளுக்கு நாள் தொங்கின. அவர் வேலைக்குப் போனதும் நான் தினம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன்.

இன்று காலை ஹீட்டர் நின்றுவிட்டது. ரிப்பேர்க்காரர் வர சாயங்காலம் ஆகுமாம். அறைக்குள் பதினாறு டிகிரி, பதிமூன்று, பதினொன்று. பத்துக்குக் கீழே போனால் செடி அவ்வளவுதான். பக்கத்தில் சூடான இடம் ஒன்றே ஒன்று, இரண்டு தெரு தள்ளி இவர் ரொட்டி சுடும் பேக்கரி. போயும் போயும் அங்கேயா!

வேறு வழியில்லை. செடியைக் கம்பளியில் சுற்றி, அதன்மேல் என் கோட்டையும் போர்த்தித் தூக்கினேன். தெருவெல்லாம் பனிக்கட்டி. ஓடினால் விழுவேன், மெதுவாகப் போனால் செடி போய்விடும். பாதி வழியில் கால் சறுக்கி முழங்கால் தரையில் மோதியது. தொட்டியை மட்டும் விடவில்லை. "செத்துத் தொலைச்சிடாதே, சனியனே" என்று அதைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

பேக்கரியில் இவர் மாவுக் கையோடு ஓடிவந்து தொட்டியை வாங்கினார். அடியில் தண்ணீர் சொட்டியது. அழுகல் நாற்றம் வேறு.

"எவ்ளோ தண்ணி ஊத்தின?" எட்டு நாளில் இதுதான் முதல் பேச்சு.

"தினம் ஒரு சொம்பு. வாடிக் கெடந்துச்சே."

அவர் முகம் வெளிறியது. "நானும்தான் ஊத்தினேன். வேலை முடிஞ்சு வந்ததும், உனக்குத் தெரியாம."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

நான் செடியைச் சுற்றிய கம்பளியை அவிழ்த்தேன்.

செடியைத் தொட்டியிலிருந்து உருவி மேசைமேல் கிடத்தினோம். வேரெல்லாம் கறுத்து, விரல் பட்டதும் கூழாகக் கழன்றது. மொட்டுகள் உதிர்ந்தன. எங்காவது வெள்ளை வேர் மிச்சம் இருக்கிறதா என்று எதிரெதிரே நின்று தேடினோம்.

"உன் பக்கம் ஏதாவது இருக்கா?" என்றார்.

"இல்லைங்க. உங்க பக்கம்?"

அவர் உதட்டைப் பிதுக்கினார். வேலையாட்கள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் நான் ஓவென்று அழுதேன்.