சிவப்பு ஒட்டிய சொல்

…அதுவும் வெற்றிதான், இதுவும் வெற்றிதான், அப்புறம் எதற்கு ஒரே சாமானுக்கு இத்தனை பெயர், சக்ஸஸ் என்றாலும் வெற்றி, டிரையம்ஃப் என்றாலும் வெற்றி, விக்டரி என்றாலும் அதே வெற்றி, ஜெயித்தவர்களுக்குப் பொழுது நிறைய இருந்திருக்கும் போல, சாவகாசமாக உட்கார்ந்து பெயர் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள்… பருந்தக்கா மடியில் இருந்த காகிதத்தைப் பார்க்காமல் உதட்டை மட்டும் அசைத்தாள். அச்சீவ்மென்ட், சாதனை. அக்கம்ப்ளிஷ், எடுத்ததைச் செய்து முடிப்பது. ஃப்ளரிஷ்… ஃப்ளரிஷ், தழைப்பது, ஆமாம், செடி தழைக்கிறதில்லையா அது. அவுட்ஸ்டாண்டிங், இது மட்டும் சுளுவாக வந்துவிடும், வெளியே நிற்பது என்று மனதில் போட்டுக்கொண்டாள், இப்போது அவளே வெளியேதான் உட்கார்ந்திருக்கிறாள். வராந்தாவில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, நாலில் ஆள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், கம்பெனியைப் புதிதாக வாங்கியவர்கள் அனுப்பியவர்கள். மாத்திரை அட்டை பேக்கிங் செய்யும் இடத்தில் எதற்கு இங்கிலீஷ் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்கிற வாய் எல்லாம் மூடிக்கொண்டுவிட்டது. லைன் லீடர்கள் இனிமேல் தலைமை ஆபீஸோடு இங்கிலீஷில் பேச வேண்டுமாம், பேச வராதவர்கள் பழையபடி பெல்ட்டில் போய் நிற்கலாமாம். யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம் என்று நோட்டீஸில் தேன் ஒழுக எழுதியிருந்தார்கள்.

பெல்ட். பெல்ட்டில் நிற்க அவள் பயப்படுகிறவளா என்ன, ஏழு வருஷம் நின்றவள்தானே, நிமிஷத்துக்கு அறுபது அட்டை ஓடும், ஒவ்வொன்றிலும் பத்துக் குழி, மாத்திரை விழாத குழி ஒன்று இருந்தாலும் கை தானாகப் போய் அந்த அட்டையைத் தூக்கிவிடும், அப்போது வைத்த பெயர்தான் பருந்து, முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராகவே பருந்தக்கா… லீடராகிப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது அந்தப் பருந்துக்குக் கண் தெரியவில்லை. இரண்டு வருஷமாகக் குழியின் ஓரம் கலங்குகிறது, நடுவில் மங்கலாக ஒரு திட்டு, கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியாயிற்று, மூன்றாவது தடவை கண் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கண்ணாடியால ஆகிற காரியம் இல்லைம்மா என்றார். வீட்டில் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், அதுக்குத்தான் டிவியைக் கிட்ட உட்கார்ந்து பாக்காதேன்னு சொன்னேன் என்று அந்த மனிதர் பெரிய டாக்டர் ஆகிவிடுவார். லீடராக இருக்கும்வரை கவலையில்லை, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தால் போதும், பார்ப்பதற்கு வேறு கண்கள் இருக்கின்றன. பெல்ட்டுக்குப் போனால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், காலிக் குழி அவள் மூக்குக்குக் கீழேயே ஓடிப்போய்ப் பெட்டிக்குள் விழும், யாரோ ஒரு சின்னப் பெண் எடுத்துக் காட்டுவாள், அக்கா இது உங்க பார்வையிலேருந்தா தப்பிச்சுது என்பாள், அதோடு முடிந்தது… அந்த நாளுக்கும் அவளுக்கும் நடுவில் இந்த நாற்பது சொல்தான் நிற்கிறது. நாற்பதும் சிறப்பைப் பற்றியது. சிரிப்பு வந்தது, சிரிக்கிற தெம்பு இல்லை.

நாற்பதையும் எழுதிக் கொடுத்தவள் மகள். பதினேழு வயசு, கோடு போட்ட தாள், மேலே இங்கிலீஷ், கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, பக்கத்தில் அர்த்தம், அம்மாவின் கண்ணைப் பற்றித் தெரியாமலேயே எழுத்தைக் கொட்டை கொட்டையாகப் போட்டிருந்தாள், தெரியாமல்தானா?… இன்டர்வியூல இந்த மாதிரி வார்த்தைதாம்மா கேப்பாங்க, உன்னப் பத்தி நீயே பெருமையாச் சொல்லணும், கூச்சப்படாதே என்றாள். தன்னைப் பற்றித் தானே! பதினெட்டு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு குறையைத் தேடியவளுக்கு நிறையைச் சொல்ல எப்படி வரும்? கம்பெனியில் அவளுக்குத் தண்ணி பட்ட பாடாக வரும் இங்கிலீஷ் மூன்றே மூன்றுதான், ஓகே, ஹோல்ட், ரிஜெக்ட். மூன்றுக்கும் மூன்று ஸ்டிக்கர், பச்சை, மஞ்சள், சிவப்பு, பொட்டு அளவில். அதிலேயே ஒரு சுருளை வீட்டுக்குக் கொண்டுபோனாள், தப்புதான், இத்தனை வருஷத்தில் அங்கிருந்து எடுத்த ஒரே பொருள். வாயில் நின்ற சொல்லுக்குப் பச்சை, தடுக்கியதற்கு மஞ்சள், வராததற்குச் சிவப்பு. அவளுக்குத் தெரிந்த படிப்பு அதுதான். சாயங்காலம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் மகள் தாளைக் கையில் வாங்கிக் கேட்பாள், இவள் சொல்வாள், ஸ்டிக்கர் விழும். மஞ்சள் மேல் பச்சை ஒட்டலாம், சிவப்பு மேல் மட்டும் எதையும் ஒட்டக் கூடாது, கம்பெனியில் அது வேலையே போகிற குற்றம். சிவப்பை உரிக்கவும் முடியாது, உரித்தால் ஒட்டிய இடத்தின் தோலையும் சேர்த்துக்கொண்டுதான் வரும், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள், கழித்தது கழித்ததுதான். வீட்டிலும் கை அந்தச் சட்டத்தை மீறவில்லை. பதினாறு நாளில் இருபத்தெட்டுப் பச்சை, ஐந்து மஞ்சள், ஏழு சிவப்பு. முதல் சிவப்பு பட்டியலின் முதல் சொல்லிலேயே விழுந்தது, அதன் தலை எழுத்துகள் இரண்டை மூடிக்கொண்டு. மற்ற ஆறும் வந்து வந்து போகும், இந்த ஒன்று மட்டும் காதில் விழுந்த கையோடு காணாமல் போய்விடும். மூன்றாம் நாளே மகள், அந்த ஒண்ணு வராட்டி விட்டுடும்மா என்று தாளைத் திருப்பிவிட்டாள்.

கதவு திறந்தது. அட்டைப்பெட்டிப் பிரிவின் லீடர், நெட்டையர் என்றால்தான் தெரியும், தலையைக் குனிந்து வெளியே வந்தார், வாசல் உயரமாகத்தான் இருந்தது. நேராக வந்து பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். என்ன கேட்டாங்க என்று இவள் கேட்பதற்குள் அவரே, "படிச்சது ஒண்ணும் கேக்கலக்கா" என்றார். "உங்க வாழ்க்கையில நீங்க பண்ண பெரிய தப்பு ஒண்ணு சொல்லுங்க, அதுலேருந்து என்ன கத்துக்கிட்டீங்கன்னு சொல்லுங்கங்கறாங்க. எல்லாருக்கும் அதே கேள்விதானாம்." நீங்க என்ன சொன்னீங்க என்றாள். "தப்பே பண்ணலன்னேன். மூணு பேரும் சிரிச்சாங்க. நான் பண்ண தப்பு இதுதான்னு அப்பதான் தெரிஞ்சுது." அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்து உள்ளே போனவளுக்குப் பிறகு இவள் முறை.

தப்பு… பெரிய தப்பு. நாற்பது சொல்லில் தப்புக்கு ஒரு சொல் உண்டா? மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள், எல்லாம் சிகரம், எல்லாம் மகுடம், விழுந்தவனுக்கு ஒரு வார்த்தை கிடையாது. சரி, முதலில் தப்பைத் தேடுவோம், சொல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தேடுவதுதானே அவள் தொழில். வேலையில் என்ன தப்பு செய்தாள்? ஒரு தடவை தேதி அச்சு மாறிய அட்டையை… அது மெஷின்காரர் தப்பு, அவள் பிடித்துக் கொடுத்தவள். ஒரு தடவை தலைவலி என்று பொய் சொல்லி லீவு போட்டாள், அதைச் சொல்லலாமா, சீ, இதெல்லாம் ஒரு தப்பா. பெரிது வேண்டும். பெரிது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும், அதனால்தான் தலைவலியையும் தேதி அச்சையும் புரட்டிக்கொண்டிருக்கிறாள்… ஒரு வகுப்பறை, சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சு, முட்டி இடிக்கிறது, பெற்றோர் வந்து டீச்சரைப் பார்க்கும் நாள், ஷிஃப்ட் முடிந்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடியிருந்தாள். மகளுக்கு அப்போது பதினொன்று. கிளாஸ் டீச்சர் புதிது, தமிழ் தெரியாது, கடகடவென்று இங்கிலீஷில் பேசினார், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, மகளின் நோட்டைத் திறந்து பேனா முனையால் டக் டக்கென்று தட்டிக்கொண்டு… கம்பெனியில் ஒரு பொருளைப் பேனா முனையால் தட்டித் தலையை ஆட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் கை தானாகப் போயிற்று. பெல்ட்டில் போகிற மாதிரியே, யோசனைக்கு முன்னால். மகளின் கன்னத்தில் பளார் என்று விழுந்தது. டீச்சர் எழுந்து நோ நோ என்றார், மரியாதைக்குத் தடுக்கிறார் என்று இவள் நினைத்தாள், நினைத்துக்கொண்டு, இனிமே ஒழுங்கா இருப்பா மேடம் என்று சொல்லிவிட்டு மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

பள்ளிக்கூடத்து வாசல் வரை அந்தப் பெண் அழவில்லை. அதுதான், அதைத்தான் ஆறு வருஷமாக மென்று விழுங்க முடியவில்லை. மகளுக்கு இங்கிலீஷ் தெரியும், டீச்சர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும், அம்மா, நல்லாத்தான் சொல்றாங்க என்று ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை பேர் முன்னால் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்று ஆகிவிடும். அதற்காகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள், பதினோரு வயசில், அம்மாவின் மூக்கு உடையாமல் காப்பாற்ற… இரண்டு நாள் கழித்து மார்க் கார்டை கேன்டீனில் மெஷின்காரரிடம் நீட்டினாள், என்ன கிறுக்கி வெச்சிருக்காங்க பாருங்க என்று ஏதோ வம்புக்குத் தயாராக. அவர் சாப்பாட்டுக் கையை நக்கித் துடைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார், படித்துவிட்டு நிமிர்ந்து இவளையே பார்த்தார். "யக்கா, எக்ஸப்ஷனல்னு போட்டிருக்காங்க. லட்சத்துல ஒரு பொண்ணுன்னு அர்த்தம். ஸ்வீட் எங்க?" எக்ஸப்ஷனல். வராந்தாவின் நாற்காலியில் அந்தச் சொல் ஒரு எழுத்து பிசகாமல் வாயில் வந்து நின்றது. அன்று சாயங்காலம் மகளுக்குத் தலையில் குத்துகிற கிளிப் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனாள், நீலக் கல் வைத்தது. மன்னிச்சுடும்மா என்று சொல்லத்தான் போனாள், கிளிப்பைத்தான் நீட்டினாள். மகள் வாங்கிக் குத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு மார்க் கார்டில் அப்பாதான் கையெழுத்துப் போடுகிறார்.

எக்ஸப்ஷனல்… இதற்கு முன் எங்கே… பருந்தக்கா தாளைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். மங்கல் திட்டு விலக முகத்தைச் சாய்த்துப் பார்த்தாள். முதல் சொல். தலையில் சிவப்புப் பொட்டு, அதை ஒட்டி மிச்ச எழுத்து, கீழே தமிழில் எக்ஸப்ஷனல், பக்கத்தில் மகளின் கொட்டை எழுத்தில், தனித்துச் சிறந்தது. நாற்பது சொல்லில் எதை வேண்டுமானாலும் முதலில் போட்டிருக்கலாம், அகர வரிசையும் இல்லை, சின்னதிலிருந்து பெரியதும் இல்லை, இதைப் போட்டிருக்கிறாள். போட்டுவிட்டுப் பதினாறு சாயங்காலம் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள், இது அந்த டீச்சர் சொன்னதுதானே என்று என்றைக்காவது அம்மா கேட்பாள் என்றா? இவள் என்ன செய்தாள்? மகளைப் பற்றிச் சொன்ன சொல்லின் மேல், அவள் கண் முன்னாலேயே, ரிஜெக்ட் ஒட்டினாள்.

உள்ளே போனவள் வெளியே வந்துவிட்டாள். இவளுடைய முழுப் பெயரை யாரோ நீட்டி முழக்கிக் கூப்பிட்டார்கள். வந்துட்டேன் என்றாள், எழுந்திருக்கவில்லை, நகம் சிவப்பின் ஓரத்தைச் சுரண்டியது. உரியாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கொஞ்சம் கிளம்பியது, இன்னும் கொஞ்சம், பிறகு ஒரே இழுப்பில் சொல்லின் தலையைப் பெயர்த்துக்கொண்டு விரலோடு வந்துவிட்டது. தாளில் பொட்டு அளவுக்கு ஓட்டை. அதன் வழியாக அவளுடைய புடவையின் நிறம் தெரிந்தது. அந்தக் காலிக் குழி மட்டும் அவள் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. உள்ளே அந்தக் கேள்வி காத்துக்கொண்டிருக்கிறது, அதற்கான பதில் அவளிடம் இருக்கிறது, நெட்டையரைப் போல இல்லை என்று மழுப்ப வேண்டியதில்லை, ஆனால் அதைச் சொல்ல இங்கிலீஷில் ஒரு சொல் தெரியாது, தமிழில் தெரிந்தும் ஆறு வருஷமாகச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியது இந்த மூன்று பேரிடமும் இல்லை… "யக்கா, உங்களத்தான்" என்று நெட்டையர் முழங்கையைத் தொட்டார். எழுந்தாள். கிழிந்த தாளை நாலாக மடித்தாள், விரலில் ஒட்டிய சிவப்பைப் புடவையில் தேய்த்தாள், அது போகவில்லை. கண்ணாடிக் கதவு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கையை நீட்டித் தடவிக்கொண்டே நடந்தாள்… வராட்டி விட்டுடும்மா என்றாளே, எதை விடச் சொன்னாள்?