மஞ்சள் பட்ட மோட்டார்

கேளுங்க கண்ணுகளா. ஒருத்தியைத் திருடி என்று சொன்னால் நியாயம் கேட்க நாலு பேராவது வருவார்கள். மெஷினைக் கெடுத்துட்டாள் என்று சொன்னால் ஒருத்தரும் வரமாட்டார்கள். ‘பாவம், அவளுக்கு என்ன தெரியும்’ என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பவுனம்மாளுக்கு ஆத்திரம் வந்ததே, அது அந்தப் ‘பாவ’த்தைக் கேட்டுத்தான்.

ஸ்ரீரங்கம் மேல உத்திர வீதியில் அடுத்தடுத்த வீடுகளில் அவளுக்கு வேலை. பாத்திரம், பெருக்கல், துடைத்தல். அதில் அரவிந்தவல்லி மாமி வீட்டில் மட்டும் விளக்குமாறு கிடையாது. பெங்களூரிலிருந்து மகன் வாங்கிக் கொடுத்த வேக்குவம் கிளீனர். உருண்டை உடம்பு, அடியில் சக்கரம், முன்னால் நீளக் குழாய். பவுனம்மாள் அதை யானை என்றுதான் சொல்லுவாள்.

அன்றைக்கு ஏகாதசி. காலையில் கூடத்தில் யானையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அது ஊளையிட்டது. பின்பக்கம் பொறி பறந்தது. ரப்பர் கருகின நாற்றம். அவ்வளவுதான், நின்றுவிட்டது. மாமி உள்ளே வந்து பார்த்தாள். அப்புறம் நேராக வாசலுக்குப் போனாள். எதிர்வீட்டில் கோலம் போடுகிறவர்கள், பால் வாங்குகிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிற மாதிரிக் கத்தினாள்.

“தண்ணியை உறிஞ்ச விட்டுட்டா! ஈரத் தரையில இழுக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!”

“இழுத்து முடிச்ச அப்புறம்தான் மாமி தண்ணியே தொடறேன். தரையில ஒரு சொட்டு கிடையாதே!”

“பின்னே, தானா எரிஞ்சுதா?”

தானாகத்தான் எரிந்தது என்றால் யார் நம்புவார்கள்? பவுனம்மாள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய் மெஷின் வயரைச் சுருட்டினாள். அதையே ஒப்புக்கொண்டதாக வீதி எடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஸ்ம்ருதி கம்ப்யூட்டரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண், நல்ல பெண். மத்தியானமே சிரித்த முகத்தோடு சொன்னாள்: “அக்கா, இனிமே வாஷிங் மெஷினை நானே போட்டுக்கறேன். நீங்க தொட வேண்டாம், என்ன?” புதிதாக வேலைக்குக் கூப்பிட்டிருந்த கோடி வீட்டிலிருந்தும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அங்கே எல்லாமே மெஷினாம்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தச் சிரித்த முகம் இருக்கிறதே!

மறுநாள் மாமியின் வீட்டுக்காரர் யதிராஜன், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேருக்குக் கொண்டுபோகிறேன் என்று மெஷினைத் தூக்கினார். பவுனம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

“நானும் வரேன் மாமா.”

“நீ எதுக்கும்மா?”

“பழி என் மேலதானே? அதோட வயித்தைத் திறக்கறப்ப நான் பக்கத்துல நிக்கணும்.”

பஸ்ஸில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “குழந்தைக்கு டிக்கெட் எடுத்தாச்சாம்மா?” என்று கண்டக்டர் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவரே அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

கடை ஒரு சந்துக்குள். மிக்ஸியும் ஃபேனும் குவிந்து கிடக்க நடுவில் நசுருதீன் பாய். முதலில் குழாயைக் கழற்றிப் பேப்பர்மேல் தட்டினார். தூசியும் முடியுமாகப் பொலபொலவென்று கொட்டியது.

“தண்ணியை உறிஞ்சிட்டதுன்னா சொன்னீங்க? அப்படின்னா குழாய்க்குள்ள சேறா அப்பியிருக்கணும் சார். இது வறுத்த மாவு மாதிரி கொட்டுது.”

“நல்லாப் பாத்துக்குங்க மாமா,” என்றாள் பவுனம்மாள்.

அடுத்து மூடியைத் திறந்து தூசி சேருகிற துணிப்பையை எடுத்தார். பை நசநசவென்று ஈரமாக இருந்தது. உள்பக்கம் தூசி களியாக ஒட்டியிருந்தது. பைக்குப் பின்னால்தான் மோட்டார். வெளியே எடுத்தால் செப்புக் கம்பிச் சுருளில் கருகல், பேரிங்கில் துரு, விசிறியைச் சுற்றி மஞ்சள் கறை. பாய் விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

“மஞ்சள்தான்! பல்லி செத்துக் கிடந்த மிக்ஸி பாத்திருக்கேன். மஞ்சள் குளிச்ச மோட்டாரை இப்பத்தான் பாக்கறேன். இதுக்கு ஏதும் கல்யாணம் பண்ணி வச்சீங்களா சார்?”

யதிராஜன் சிரிக்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. பெருமாள் உள்ளில், அந்தப் பூஜை அறையில் மட்டும், மாமியே குளித்து மடியாக மெஷினை இழுப்பாள். வீடெல்லாம் முடியும் நகமும் தின்ற பையோடு பெருமாளிடம் போகலாமா? அதனால் ஏகாதசிக்கு முதல் நாள் பையை மஞ்சள் ஜலத்தில் நனைத்துப் பிழிவாள். கொடியில் போட்டால் கண்டவர் கை பட்டு மடி போய்விடும் என்று, பிழிந்த கையோடு மெஷினுக்குள்ளேயே வைத்து மூடிவிடுவாள். அவர் கண்ணால் பார்த்ததுதான். தயங்கித் தயங்கி அதை அவர் சொல்ல, பாயும் பவுனம்மாளும் கேட்டுக்கொண்டார்கள்.

“ஈரப் பை காத்தை விடாது சார். காத்து போனாத்தானே மோட்டார் சூடு ஆறும்? ஈரமும் உள்ள இறங்கியிருக்கு. மூச்சு முட்டி எரிஞ்சிருக்கு. இதுக்குக் கம்பி மாத்திக் கட்டிப் பிரயோஜனமில்லை, புதுசுதான் போடணும்.”

போட்டார்கள். புது மோட்டார் கும்மென்று சத்தம் கொடுத்தது. யதிராஜன் பவுனம்மாளைச் சற்றுத் தள்ளி அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“உன்மேல தப்பில்லேம்மா. நமக்குத் தெரிஞ்சுடுத்து, போறும். ஆத்துல இதைப் பெரிசு பண்ண வேண்டாம். மாமிக்கு பிரஷர் வேற. பழைய மோட்டார், தானா போயிடுத்துன்னு சொல்லிடலாம்.”

அடக்கி வைத்ததெல்லாம் அங்கேதான் வெடித்தது.

“மாமி என்னை எங்க வச்சு சொன்னாங்க? நடுவீதியில. நீங்க எங்க வச்சு தப்பில்லேன்னு சொல்றீங்க? சத்திரத்துல ஒரு சந்துக்குள்ள. இது யாருக்குத் தெரியும்? இந்த பாய்க்குத் தெரியும். நான் என்ன பாய் வீட்டுலயா வேலை பாக்கறேன்?”

“வந்தாலும் எங்க வீட்ல விளக்குமாறுதான்க்கா,” என்றார் பாய், தலை நிமிராமல்.

“மாமிக்கு வந்தா பிரஷர் மாமா. எனக்கு வந்தா அதுக்குப் பேரு திமிரு.”

திரும்பி வருகிற பஸ்ஸில் மெஷின் யதிராஜன் மடியில் உட்கார்ந்து வந்தது. கொடுங்க என்று அவள் கேட்கவில்லை. அவரும் நீட்டவில்லை.

வீட்டில் மாமி சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். ஓடியது. வாசலில் நின்ற பவுனம்மாளைப் பார்த்து, “பார்த்தியோ? இனிமேலாவது ஜாக்கிரதையா இழு,” என்றாள். கோயிலுக்குக் கிளம்பின எதிர்வீட்டு மாமிகள் செருப்பை மாட்டியபடி நின்றார்கள். யதிராஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பவுனம்மாள் கத்தவில்லை. “ஸ்ம்ருதிம்மா, ஒரு நிமிஷம் வாங்க,” என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். அவள் வந்து நின்றதும் கேட்டாள்:

“மாமி, ஏகாதசிக்கு முதல் நாள் அந்த மெஷின் பையை என்ன பண்ணுவீங்க?”

மாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. “மஞ்சள் ஜலத்துல நனைச்சுப் புழிஞ்சு உடனே உள்ள வச்சுடுவேன். வெளியில போட்டா மடி என்னத்துக்கு ஆறது? உனக்கு எதுக்கு அதெல்லாம்?”

ஸ்ம்ருதி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஈரத்தோடயா வச்சேள் மாமி? கரண்ட்ல ஓடற மெஷினாச்சே!”

மாமி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இனி ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை. “அதனாலதான் எரிஞ்சுது. ரிப்பேர்க்காரர் திறந்து காமிச்சார்,” என்றார் அவர்.

“நான் பெருமாளுக்காகன்னா பண்ணேன்!”

“பெருமாளை யாரும் ஒண்ணும் சொல்லலையே மாமி. என்னைத்தானே சொன்னீங்க?”

மாமி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “சரி, என் தப்புதான்,” என்று உதட்டுக்குள் முனகினாள்.

“அன்னிக்கு இவ்வளவு மெதுவாவா சொன்னீங்க?”

எதிர்வீட்டு மாமிகளுக்குக் கோயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒருத்தரும் நகரவில்லை. மாமி அவர்களைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

“பவுனம்மா கெடுக்கலை! நான்தான் ஈரப் பையை வச்சுக் கெடுத்தேன். போறுமா?” கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் கோடி வீடு வரைக்கும் கேட்டது.

“போதும்,” என்றாள் பவுனம்மாள்.

ஸ்ம்ருதி நெருங்கி வந்து அவள் கையைத் தொட்டாள். “அக்கா, துணியெல்லாம் அப்படியே கிடக்கு. வந்து மெஷின்ல போட்டுடறேளா?”

“இன்னிக்கு நீங்களே போட்டுக்குங்க ஸ்ம்ருதிம்மா. எனக்கு இன்னும் கோபம் தீரலை,” என்று சொல்லிவிட்டு முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வீதியின் நடுவிலேயே நடந்து போனாள்.